ஜிடிபி அட்டாச் ஆகவில்லையா? கெர்னலில் வசதியே இல்லையா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கும் வழி

வாரத்துக்கு ஒருவராவது என் மேசைக்கு வந்து நிற்பார்: "அண்ணா, ஜிடிபி அட்டாச் ஆக மாட்டேங்குது. கெர்னலை மாத்திக் கட்டணுமா?" பெரும்பாலும் வேண்டியதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சலித்துப்போய், அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். ஜிடிபி என்பது நிரல்களில் பிழை தேடும் கருவி, அதாவது டீபக்கர். ஏற்கெனவே ஓடுகிற நிரலோடு (ப்ராசஸோடு) அதை இணைப்பதுதான் அட்டாச். அதற்கு அது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் பீட்ரேஸ் என்ற அழைப்பைப் பயன்படுத்துகிறது.

முதலில் ஒரே ஒரு விஷயம். ப்ராசஸ் டீபக் வசதி இரண்டு விதமாக இல்லாமல் போகும். கெர்னலைக் கட்டும்போதே சேர்க்காமல் விட்டிருக்கலாம். இல்லையென்றால் சேர்த்துவிட்டு, ஓடும்போது பூட்டியிருக்கலாம். முதலாவதில் வீட்டில் அந்த அறையே இல்லை. இரண்டாவதில் அறை இருக்கிறது, சாவி வேறொருவரிடம் இருக்கிறது. பிழைச் செய்தியின் வாசகமே இதைக் காட்டிக்கொடுக்கும். "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்" என்றால் பூட்டு. "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்", "பேட் சிஸ்டம் கால்", அல்லது இருக்க வேண்டிய ஃபைலே இல்லை என்றால், அறையே இல்லை. செய்தியை அரைகுறையாகப் படித்துவிட்டு ஓடி வராதீர்கள். கடைசி வரி வரை படியுங்கள்.

கட்டளைகளையும் பாதைகளையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். வேறாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் லினக்ஸ்தான்.

## அறிகுறி 1: ஓடுகிற ப்ராசஸில் அட்டாச் செய்தால் "ஆப்பரேஷன் நாட் பெர்மிட்டட்"

அதிகம் வருவது இதுதான். எதையும் மாற்றுவதற்கு முன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஏதாவது ஒரு சின்ன நிரலை ஜிடிபிக்குள்ளிருந்தே தொடங்கிப் பாருங்கள். அப்புறம், அட்டாச் ஆகாத அதே ப்ராசஸை சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் உரிமையோடு, முயன்று பாருங்கள். இந்த இரண்டு விடையும் கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஜிடிபிக்குள் தொடங்கினால் ஓடுகிறது, அட்டாச் மட்டும் ஆகவில்லை, சூடோவில் ஆகிறது.

இது யாமா, கெர்னலுக்குள் பீட்ரேஸைக் கட்டுப்படுத்தும் பாதுகாப்புப் பகுதி. /ப்ராக்/சிஸ்/கெர்னல்/யாமா/பீட்ரேஸ்_ஸ்கோப் என்ற ஃபைலைக் கேட் செய்து பாருங்கள். 1 என்று இருக்கும். தன் வழித்தோன்றலாகப் பிறந்த ப்ராசஸை மட்டும்தான் டீபக் செய்யலாம் என்று பொருள். உபுண்டு 2010-லிருந்தே இந்தக் கட்டுப்பாட்டோடு வருகிறது. மெயின்லைன் கெர்னலுக்கு யாமா வந்தது 2012-இல், 3.4 பதிப்பில். ஃபெடோராவில் வழக்கமாக 0 இருக்கும். அதனால்தான் "என் லேப்டாப்பில் ஓடுது, சர்வரில் ஓடலை" என்ற புலம்பல்.

உங்கள் சொந்த மெஷின் என்றால் சூடோ சிஸ்சிடிஎல் கொண்டு கெர்னல்.யாமா.பீட்ரேஸ்_ஸ்கோப்=0 என்று வையுங்கள், வேலை முடிந்ததும் 1-க்குத் திருப்புங்கள். ரீபூட் ஆனால் தானாகவே பழையபடி ஆகிவிடும். நிரந்தரமாக வேண்டும் என்றால் /இடிசி/சிஸ்சிடிஎல்.டி கோப்பகத்தில் உள்ள 10-பீட்ரேஸ் ஃபைலில் மாற்றலாம். நான் மாற்ற மாட்டேன். அந்த 1 இருப்பதால்தான் உங்கள் பிரவுசரில் புகுந்த ஒரு நிரல், பக்கத்தில் ஓடும் உங்கள் மற்ற நிரல்களின் நினைவகத்தைப் போகிற போக்கில் படிக்க முடியாமல் இருக்கிறது.

ஒரு குறுக்கு வழியைச் சிலர் சொல்வார்கள்: ஜிடிபி பைனரிக்கே செட்கேப் போட்டு பீட்ரேஸ் உரிமையைக் கொடுத்துவிடுவது. தயவுசெய்து வேண்டாம். அந்த மெஷினில் லாகின் ஆகும் எவரும் எவருடைய ப்ராசஸையும் திறந்து பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

ஜிடிபிக்குள் தொடங்கினாலே மறுக்கிறது, சூடோவில் மட்டும் ஓடுகிறது.

அதே ஃபைலில் 2 இருக்கிறதா பாருங்கள். நிர்வாகிக்கு மட்டும் என்று யாரோ வேண்டுமென்றே வைத்தது. அலுவலக சர்வர் என்றால் இங்கேயே கையை எடுத்துவிட்டு, பாதுகாப்பு அணிக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். உங்களிடம் சூடோ இருக்கிறது என்பதற்காக மாற்றினால் அடுத்த ஆடிட்டில் உங்கள் பெயர்தான் வரும்.

ரூட்டாக இருந்தாலும் மறுக்கிறது.

மதிப்பு 3 என்றால் கதை முடிந்தது. 3 வைத்த பிறகு ரூட் உட்பட எவராலும் அதைக் குறைக்க முடியாது. ரீபூட் ஒன்றே வழி. பூட் ஆகும்போது எந்த ஃபைல் அதை வைக்கிறது என்று தேடி, அதை விலக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். எங்கள் டீமில் ஒருவர் சோதனைக்காக 3 வைத்துவிட்டு, மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெமரி லீக் சோதனையைப் பறிகொடுத்தார். லீக் ஆன ப்ராசஸ் கண் முன்னால் ஓடுகிறது, தொட முடியவில்லை, ரீபூட் செய்தால் அது போய்விடும்.

3 இல்லை, ஆனாலும் ரூட்டுக்கு மறுப்பு என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

- /ப்ராக்/பிட்/ஸ்டேட்டஸ் ஃபைலில் (பிட் என்ற இடத்தில் அந்த ப்ராசஸின் எண்) ட்ரேசர்பிட் என்ற வரி. அது 0 இல்லையென்றால் ஏற்கெனவே வேறொருவர் அட்டாச் ஆகியிருக்கிறார். ஒரு ப்ராசஸுக்கு ஒரு ட்ரேசர்தான். வேறொரு டெர்மினலில் மறந்துபோன எஸ்ட்ரேஸாக (நிரலின் கெர்னல் அழைப்புகளைக் காட்டும் கருவி) இருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் முதலில் பார்ப்பதில்லை.
- அது கெர்னல் த்ரெட்டா? பிஎஸ் பட்டியலில் பெயர் சதுர அடைப்புக்குள் இருக்கும். அதில் யாராலும் அட்டாச் ஆக முடியாது.
- எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு ஓடும் மெஷின் என்றால் கெட்எஸ்இபூல் கொண்டு டினை_பீட்ரேஸ் என்ற பூலியனைப் பாருங்கள். ஆன் என்றால் அதுதான் காரணம். ஆடிட் லாகிலும் மறுத்த வரி இருக்கும்.
- நீங்கள் நிற்பது கன்டெய்னருக்குள்ளா (ஹோஸ்ட் மெஷினின் கெர்னலிலேயே தனியாக அடைத்து ஓடும் சூழல்)? அப்படியானால் உங்கள் ரூட் முழு ரூட் இல்லை. அறிகுறி 2-க்குப் போங்கள்.

ஸ்கோப் 0, பயனரும் ஒருவர்தான், இருந்தும் மறுக்கிறது.

இதில்தான் ஆட்கள் அரை நாளைத் தொலைக்கிறார்கள். ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) ரூட்டாகத் தொடங்கி, பிறகு சாதாரணப் பயனராக இறங்குகிறது என்று வையுங்கள். நீங்களும் அதே பயனராக மாறி அட்டாச் செய்கிறீர்கள். மறுப்பு. காரணம், யூஐடி (பயனர் எண்) மாறிய கணத்தில் கெர்னல் அந்த ப்ராசஸை "டம்ப் செய்யக்கூடாதது" என்று குறித்துவிடுகிறது. செட்யூஐடி நிரல்களுக்கும் (யார் ஓட்டினாலும் ஃபைல் உரிமையாளரின் உரிமையில் ஓடுபவை) இதே கதி. எஸ்எஸ்எச் ஏஜென்ட் மாதிரி சில நிரல்கள் தாமாகவே இந்தக் குறியைப் போட்டுக்கொள்ளும்.

சரிபார்ப்பது எளிது. /ப்ராக்/பிட் கோப்பகத்துக்குள் எல்எஸ் -எல் போடுங்கள். ப்ராசஸ் உங்கள் பெயரில் ஓடுகிறது, ஆனால் உள்ளே உள்ள ஃபைல்களின் உரிமையாளர் ரூட் என்று காட்டினால் இதேதான். சூடோ போதும். நிரல் உங்களுடையது என்றால், பயனர் மாறிய பிறகு பிஆர்கன்ட்ரோல் அழைப்பில் டம்பபிள் மதிப்பை 1 ஆக்கும் ஒரு வரியை டீபக் பில்டில் மட்டும் சேர்க்கலாம்.

## அறிகுறி 2: ஹோஸ்டில் ஓடுகிறது, கன்டெய்னருக்குள் மட்டும் ஓடவில்லை

எஸ்ட்ரேஸ் தானே தொடங்கிவைக்கும் நிரலுக்கே மறுப்பு. டாக்கர் பழசா, கெர்னல் பழசா என்று பாருங்கள். டாக்கரின் வழக்கமான செக்காம்ப் வடிகட்டி (எந்தக் கெர்னல் அழைப்புகளை விடலாம் என்று பார்ப்பது) முன்பு பீட்ரேஸை அடியோடு தடுத்தது. 19.03 பதிப்பிலிருந்து, கெர்னல் 4.8 அல்லது அதற்கு மேல் என்றால் விட்டுவிடுகிறது. 4.8-க்கு முன்னால் பீட்ரேஸை வைத்து செக்காம்பையே ஏமாற்ற முடிந்தது. அந்தப் பயம்தான் காரணம்.

தொடங்கினால் சரி, ஓடுகிற ப்ராசஸில் அட்டாச் ஆகவில்லை. கன்டெய்னருக்குள் யாமாவுக்குத் தனி மதிப்பு கிடையாது. ஹோஸ்டில் என்னவோ அதுதான் உள்ளேயும். ஹோஸ்டில் 1 இருந்தால் உங்களுக்கு பீட்ரேஸ் உரிமை வேண்டும், டாக்கர் அதை வழக்கமாகக் கொடுப்பதில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க நான் செய்வது: /ப்ராக்/செல்ஃப்/ஸ்டேட்டஸில் கேப்எஃப் என்ற வரியை எடுத்து, வலமிருந்து ஐந்தாவது எழுத்தைப் பார்ப்பேன். வழக்கமான டாக்கர் கன்டெய்னர் ரூட்டுக்கு அங்கே 4 இருக்கும். பீட்ரேஸ் உரிமை சேர்ந்தால் அந்த 4, ஆங்கில சி எழுத்தாக மாறும். அவ்வளவுதான் வித்தியாசம். கண் கட்டினால் கேப்எஸ்எச் டீகோட் கட்டளை விரித்துச் சொல்லும்.

தீர்வு: கன்டெய்னரைத் தொடங்கும்போது கேப்-ஆட் கொடுத்து சிஸ்_பீட்ரேஸ் உரிமையைச் சேர்ப்பது. பலர் நேராக ப்ரிவிலேஜ்ட் மோடுக்குப் போகிறார்கள். ஒரு ஆணி அடிக்கச் சுவரையே இடிக்கும் வேலை அது. குபர்னெட்டிஸ் என்றால் ஓடுகிற பாட்-ஐ (கன்டெய்னர்கள் சேர்ந்த அலகு) மறுபடி தொடங்காமலே எஃபிமரல் கன்டெய்னர், அதாவது தற்காலிகக் கன்டெய்னர், சேர்த்துப் பார்க்கலாம், 1.25-லிருந்து அது நிலையான வசதி. உரிமை சேர்க்கவே கூடாது என்று கிளஸ்டர் கொள்கை தடுத்தால், கிளஸ்டரை நடத்துபவர்களிடம்தான் பேச வேண்டும். நோடில் நேராக ஏறிச் செய்யலாமே என்று தோன்றும். அனுமதி கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

"முகவரிக் குலுக்கலை நிறுத்த முடியவில்லை" என்று ஜிடிபி எச்சரிக்கிறது, ஆனால் நிரல் ஓடுகிறது. விட்டுவிடுங்கள். பெர்சனாலிட்டி என்ற அழைப்பை வடிகட்டி தடுத்திருக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் முகவரி மாறும், வேறு கெடுதல் இல்லை. எச்சரிக்கை எரிச்சலூட்டினால் ஜிடிபிக்குள் டிசேபிள்-ரேண்டமைசேஷன் அமைப்பை ஆஃப் செய்யுங்கள்.

## அறிகுறி 3: "ஃபங்ஷன் நாட் இம்ப்ளிமென்டட்" அல்லது "பேட் சிஸ்டம் கால்"

லினக்ஸில். மெயின்லைன் லினக்ஸில் பீட்ரேஸ் அழைப்பையே கழற்றிவிடும் கான்ஃபிக் கிடையாது. ஆகவே உண்மையான லினக்ஸ் கெர்னலில் இந்தச் செய்தி வந்தால், நீங்கள் உண்மையில் அந்தக் கெர்னலோடு நேரடியாகப் பேசவில்லை என்று சந்தேகப்படுங்கள். நான் பார்த்ததில் அதிகம்: ஆர்ம் சிப் உள்ள மேக்கில் இன்டெல் டாக்கர் இமேஜை ஓட்டுவது. நடுவில் க்யூஎமு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும். அதன் யூசர் மோடில் பீட்ரேஸ் இல்லை. யூநேம் -எம் போட்டு இமேஜ் என்ன கட்டமைப்பு என்று பாருங்கள், ஹோஸ்டோடு ஒப்பிடுங்கள். ஆர்ம் இமேஜ் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், பிரச்சினை அங்கேயே தீரும். இன்டெல் பைனரிதான் வேண்டும் என்றால் க்யூஎமுவுக்குள்ளேயே ஜிடிபி காத்திருக்கும் ஒரு போர்ட் வசதி உண்டு. -ஜி கொடுத்து அதைத் திறந்து, வெளியிலிருந்து இணையலாம்.

சர்வீஸ் மட்டும் சிக்சிஸ் (தடுக்கப்பட்ட அழைப்புக்குக் கெர்னல் அனுப்பும் சிக்னல்) வாங்கிச் சாகிறது. சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நடத்துவது) யூனிட்டில் சிஸ்டம்கால்ஃபில்டர் வரி இருக்கிறதா, அதில் டீபக் குழு விலக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஒரு நுணுக்கம்: அந்தச் சர்வீஸ் பீட்ரேஸை அழைப்பதைத்தான் இது தடுக்கிறது, வெளியிலிருந்து நீங்கள் அதில் அட்டாச் ஆவதைத் தடுக்காது. சர்வீஸ் தன்னுள்ளேயே க்ராஷ் பதிவு செய்யும் ஒரு பகுதியை வைத்திருந்தால் மாட்டிக்கொள்ளும். க்ராஷைப் பதிவு செய்யப் போன இடத்தில் அதுவே க்ராஷ் ஆகும்.

பிஎஸ்டி குடும்பத்தில். இங்கே கதை வேறு. ஓபன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி இரண்டிலும் கெர்னல் கான்ஃபிக் ஃபைலில் பீட்ரேஸ் என்று ஒரு ஆப்ஷன் வரியே உண்டு. யாரோ சொந்தக் கெர்னல் கட்டும்போது "இது எதற்கு" என்று எடுத்துவிட்டிருந்தால், ஜிடிபி "பேட் சிஸ்டம் கால்" என்று சொல்லிச் சாகும். ஜெனெரிக் கெர்னலில் பூட் செய்து பாருங்கள். அங்கே ஓடினால் உங்கள் கான்ஃபிக்தான் குற்றவாளி.

மறுப்புச் செய்தி மட்டும் வந்தால் பூட்டு. ஓபன்பிஎஸ்டியில் கெர்ன்.குளோபல்_பீட்ரேஸ் வழக்கமாக 0; உங்கள் சொந்தக் குழந்தை ப்ராசஸை மட்டும்தான் தொடலாம். ஃப்ரீபிஎஸ்டியில் செக்யூரிட்டி.பிஎஸ்டி.அன்ப்ரிவிலேஜ்ட்_ப்ராக்_டீபக் 0 ஆக இருக்கிறதா பாருங்கள். அதன் இன்ஸ்டாலரே பாதுகாப்பை இறுக்க ஒரு பட்டியல் காட்டும். எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து மறந்துபோய் நிற்பது வழக்கம்.

## அறிகுறி 4: அட்டாச் செய்தால் ஜிடிபி அப்படியே நின்றுவிடுகிறது

மறுப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை. /ப்ராக்/பிட்/ஸ்டேட்டஸில் ஸ்டேட் வரி டி (டிஸ்க் ஸ்லீப்) என்று இருந்தால் ப்ராசஸ் கெர்னலுக்குள் எழுப்ப முடியாத தூக்கத்தில் இருக்கிறது. கில் -9க்கே அசையாதது உங்கள் ஜிடிபிக்கா அசையும்? பக்கத்தில் டபிள்யூசேன், ஸ்டாக் என்று இரண்டு ஃபைல் இருக்கும். ரூட்டாகப் படித்தால் எங்கே தூங்குகிறது என்று தெரியும். ஸ்டாக் ஃபைல் இல்லவே இல்லை என்றால் கான்ஃபிக்_ஸ்டாக்ட்ரேஸ் அணைந்த கெர்னல். டிமெசேஜில் "120 செகண்டுக்கு மேல் அடைபட்டிருக்கிறது" என்ற வரியையும் தேடுங்கள்.

பெரும்பாலும் என்எஃப்எஸ் சர்வர் போயிருக்கும், இல்லையென்றால் டிஸ்க். ஸ்டாக்கில் டிரைவர் பெயர் தெரிந்தால் அந்த அவுட்புட்டை அப்படியே சேமித்து டிரைவர் தந்தவர்களுக்கு அனுப்புங்கள். இதற்கு மேல் ஜிடிபியை நம்பிப் பயனில்லை.

## அறிகுறி 5: செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது, கோர் ஃபைல் மட்டும் வரவில்லை

கோர் ஃபைல் என்பது விழுந்த நிரலின் நினைவகப் பிரதி. முதலில் ஷெல் காட்டும் வரியைப் பாருங்கள். "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்பதற்குப் பின்னால் "கோர் டம்ப்ட்" என்று இருக்கிறதா? இந்த இரண்டு சொல் இரண்டு வெவ்வேறு ஊருக்குக் கொண்டுபோகும்.

"கோர் டம்ப்ட்" இருக்கிறது, ஃபைலைக் காணோம். கெர்னல் தன் வேலையைச் செய்துவிட்டது, வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். /ப்ராக்/சிஸ்/கெர்னல்/கோர்_பேட்டர்ன் ஃபைலைக் கேட் செய்யுங்கள். செங்குத்துக் கோட்டில் தொடங்கினால் பின்னால் வருவது வாங்கியவரின் பெயர். சிஸ்டம்டி என்றால் கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட் போடுங்கள். ஃபைல்கள் /வார்/லிப்/சிஸ்டம்டி/கோர்டம்ப்பில் சுருக்கப்பட்டுக் கிடக்கும். உபுண்டுவில் அப்போர்ட் என்றால் அதன் லாகைப் படியுங்கள், எதற்காக ஒதுக்கியது என்று அதிலேயே எழுதியிருக்கும். பின்/ஃபால்ஸ் என்று இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள், யாரோ குப்பைத்தொட்டிக்கு வழிகாட்டியிருக்கிறார்கள்.

கன்டெய்னருக்குள் விழுந்த நிரலின் கோர் ஹோஸ்டில் இருக்கலாம். கோர்_பேட்டர்னும் யாமா போலத்தான், மெஷினுக்கு ஒன்றே ஒன்று. அதைக் கன்டெய்னருக்குள் தேடித் தேடி அலுத்துப்போனவர்கள் நிறைய.

"கோர் டம்ப்ட்" இல்லை. கெர்னலே எழுதவில்லை. எளியதிலிருந்து:

யூலிமிட் -சி 0 என்று இருக்கிறதா? அன்லிமிடெட் வைத்து மறுபடி முயலுங்கள். நீங்கள் டெர்மினலில் வைப்பது சிஸ்டம்டி சர்வீஸுக்குப் போகாது. யூனிட்டில் லிமிட்கோர் வரி வேண்டும்.

நிரல் ஓடும் கோப்பகத்தில் எழுத அனுமதி உண்டா? டிஸ்கில் இடம் உண்டா?

அறிகுறி 1-இல் சொன்ன டம்ப் குறி இங்கேயும் வேலையைக் காட்டும். செட்யூஐடி நிரல், பயனர் மாறிய டீமன் என்றால் எஃப்எஸ்.எஸ்யூஐடி_டம்பபிள் மதிப்பு 0 இருக்கும்வரை கோர் வராது.

கோ மொழியில் எழுதிய நிரலா? பேனிக் ஆனால் அது வெறும் ஸ்டாக் எழுதிவிட்டு வெளியேறும். கோட்ரேஸ்பேக் சூழல் மாறியை க்ராஷ் என்று வைத்தால்தான் கோர். இதைக் கெர்னல் கோளாறு என்று என்னிடம் கொண்டுவந்தவர் ஒருவர் அல்ல, பலர்.

இத்தனையும் சரி, இன்னும் வரவில்லை என்றால்தான் கெர்னல் கான்ஃபிக். கோர்_பேட்டர்ன் ஃபைலே இல்லை என்றால் கான்ஃபிக்_கோர்டம்ப் அணைக்கப்பட்டிருக்கிறது. ஃபைல் இருக்கிறது, யூலிமிட் சரி, பைப்பில் வைத்த நிரல் ஒரு தடவைகூட அழைக்கப்படவில்லை என்றால் கான்ஃபிக்_ஈஎல்எஃப்_கோர் அணைந்திருக்கிறது. /பூட் கோப்பகத்தில் உள்ள கான்ஃபிக் ஃபைலிலோ, /ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇஸட்டிலோ இதை உறுதி செய்யலாம். டெஸ்க்டாப் டிஸ்ட்ரோக்களில் இது நடக்காது. சின்ன போர்டுகளில், இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து யாரோ அணைத்த கெர்னல்களில் நடக்கும். கெர்னல் சோர்ஸ் கையில் இருந்தால் அறிகுறி 7 பாருங்கள். இல்லையென்றால் போர்டு விற்றவர்களைக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிடும்போது "கோர் வரவில்லை" என்று சொன்னால் யூலிமிட் பார்த்தீர்களா என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். கான்ஃபிக் வரியைக் காட்டியே கேளுங்கள்.

## அறிகுறி 6: வாட்ச் போட்டால் நிரல் ஆமை வேகத்தில் ஓடுகிறது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி, ஏனென்றால் யாரும் கெர்னலைச் சந்தேகிப்பதே இல்லை. ஒரு ஆர்ம் போர்டில் ஒரு மாறியை யார் கெடுக்கிறார்கள் என்று பிடிக்க ஜிடிபியில் வாட்ச் வைத்தோம். இரண்டு விநாடியில் முடியும் லூப் மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. போர்டு மெதுவானது என்று ஒப்புக்கொண்டுவிட்டோம்.

வாட்ச் வைத்ததும் ஜிடிபி திருப்பிச் சொல்லும் வரியைப் பாருங்கள். "ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட் 1" என்றால் சிப்பே கவனித்துக்கொள்கிறது, வேகம் குறையாது. "வாட்ச்பாயின்ட் 1" என்று மொட்டையாக வந்தால், ஜிடிபி ஒவ்வொரு கட்டளையாக நிரலை நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மதிப்பை எட்டிப் பார்க்கிறது.

மொட்டையாக வருவதற்கு எளிய காரணம், நீங்கள் கவனிக்கச் சொன்ன பொருள் பெரியது. முழு ஸ்ட்ரக்சரை வைக்காமல் ஒரே ஒரு புலத்தின் முகவரியை வையுங்கள். அப்படியும் மொட்டை என்றால் கெர்னல் கான்ஃபிகில் கான்ஃபிக்_பெர்ஃப்_ஈவன்ட்ஸ் பாருங்கள். ஆர்மில் ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட் ஆதரவு இதைச் சார்ந்தே வருகிறது. "நாங்கள் பெர்ஃப் பயன்படுத்துவதில்லையே" என்று அதை அணைத்தவர், வாட்ச்பாயின்டையும் சேர்த்துக் குழிதோண்டிப் புதைத்தது அவருக்கே தெரியாது. எங்கள் போர்டிலும் அதுதான் நடந்திருந்தது. எக்ஸ்86-இல் இந்தத் தலைவலி இல்லை. அங்கே பெர்ஃப் ஈவன்ட்ஸ் எப்போதும் கட்டாயம்.

## அறிகுறி 7: கான்ஃபிகில் ஒரு வசதியை அணைத்தேன், பில்ட் ஆனதும் மறுபடி ஆனாகி நிற்கிறது

மெனுகான்ஃபிகில் அந்த வரியே தெரியவில்லை. கோர்டம்ப், ஈஎல்எஃப்_கோர் போன்றவை கான்ஃபிக்_எக்ஸ்பெர்ட் ஆன் ஆனால்தான் கண்ணில் படும். எக்ஸ்பெர்ட் இல்லாமல் டெஃப்கான்ஃபிகில் நீங்கள் எழுதிய "அணை" என்ற வரியைக் கெர்னல் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, வழக்கமான "ஆன்" மதிப்பையே எடுத்துக்கொள்ளும். ஒரு எச்சரிக்கைகூட வராது. வேடிக்கை என்னவென்றால், எக்ஸ்பெர்ட்டை ஆன் செய்தால் அது கான்ஃபிக்_டீபக்_கெர்னலையும் கூடவே இழுத்துவரும். டீபக் வசதியை அணைக்க டீபக் என்று பெயருள்ள ஒன்றை ஆன் செய்ய வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் மற்ற ஆப்ஷன்களைக் கண்ணுக்குக் காட்டுவதற்கான கதவு.

வரி தெரிகிறது, அணைக்க முடியவில்லை. மெனுகான்ஃபிகில் சாய்கோட்டை அழுத்தித் தேடுங்கள். "செலக்டட் பை" என்ற இடத்தில் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இருக்கும். யூப்ரோப்ஸை அணைக்க வேண்டும் என்றால் முதலில் யூப்ரோப்_ஈவன்ட்ஸை அணைக்க வேண்டும் என்பது மாதிரி.

துண்டு துண்டாகக் கான்ஃபிக் சேர்க்கிறீர்கள். மெர்ஜ்_கான்ஃபிக் ஸ்க்ரிப்ட் கடைசியில், கேட்ட மதிப்பு இறுதி ஃபைலில் இல்லை என்று வரி வரியாகச் சொல்லும். பில்ட் லாகில் அது மேலே ஓடிப்போய்விடும். மேலே போய்ப் படியுங்கள்.

தயாரிப்புக் கெர்னலில் எதை அணைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: கழற்றுவதைவிடப் பூட்டுவது மேல். யாமா 2 வைத்தால் சாதாரணப் பயனருக்கு வழி அடைபடும், களத்தில் ஒரு போர்டு விழுந்தால் ரூட்டாகப் போய்ப் பார்க்க உங்களுக்கு வழி இருக்கும். 3 வைப்பது என்றால் பூட் ஸ்க்ரிப்ட்டின் கடைசி வரியாக வையுங்கள். கோர்டம்ப்பை அணைத்து மிச்சமாவது சில கிலோபைட். அது இல்லாமல் வாடிக்கையாளர் இடத்தில் விழுந்த ஒரு நிரலுக்குக் காரணம் தேடுவது வாரக்கணக்கு. டீபக்கர் இணைந்திருக்கும்போது மட்டும் நினைவகத்தில் எழுத விடும் நடுவழியும் 6.12 கெர்னலிலிருந்து உண்டு: ப்ராக்_மெம்.ஃபோர்ஸ்_ஓவர்ரைடு என்ற பூட் அளவுருவை பீட்ரேஸ் என்று வைத்தால், /ப்ராக்/பிட்/மெம் வழியாகப் படிக்க மட்டுமான பக்கங்களில் எழுதும் சலுகை, அட்டாச் ஆன டீபக்கருக்கு மட்டும் கிடைக்கும். நெவர் என்று வைத்தால் அதுவும் இல்லை. முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 8: டீபக்கரே இல்லை, ஆனாலும் ஏதோ உடைகிறது

பூட்டை இறுக்கிய மறுநாள் வருபவை இவை.

ஓப்பன் எம்பிஐ (கணக்கீட்டைப் பல ப்ராசஸ்களுக்குப் பகிரும் நூலகம்) வேலைகள் "கட்டுப்பாடான பீட்ரேஸ் அமைப்பால் சிஎம்ஏ இல்லை" என்று எச்சரித்து மெதுவாகின்றனவா? ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தை நேராகப் படிக்கும் ப்ராசஸ்_விஎம்_ரீட்வி அழைப்பும் பீட்ரேஸ் அனுமதியைத்தான் கேட்கிறது. கணக்கீட்டுக்கென்றே ஒதுக்கிய நோடில் 0 வைக்கலாம், அதைக் க்ளஸ்டர் நிர்வாகி முடிவு செய்யட்டும். பைத்தான் நிரலை பை-ஸ்பை கொண்டு பார்ப்பவர்களுக்கும் இதே காரணம், சூடோ போதும். அனுமதிப் பிழைக்குப் பதிலாக அந்த அழைப்பே இல்லை என்று வந்தால் கான்ஃபிக்_க்ராஸ்_மெமரி_அட்டாச் அணைந்திருக்கிறது.

ஜாவாவில் ஜேஸ்டாக் ஓடுகிறது, ஜேஎச்எஸ்டிபி ஓடவில்லை என்றால் குழம்ப வேண்டாம். முன்னது சாக்கெட் வழியாக ஜேவிஎம்மிடமே கேட்டு வாங்குகிறது, பின்னதுதான் பீட்ரேஸ். ஜேஸ்டாக் போதுமானதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் நிரலின் க்ராஷ் ரிப்போர்ட்டர் காலியான அறிக்கை அனுப்புகிறதா? அது நிரலின் குழந்தையாகப் பிறந்து தாயைப் பார்க்க முயல்கிறது. யாமா 1 தாய் குழந்தையைப் பார்ப்பதைத்தான் அனுமதிக்கும், தலைகீழாக அல்ல. தாய் ப்ராசஸ் பிஆர்_செட்_பீட்ரேசர் கொண்டு "இவர் என்னைப் பார்க்கலாம்" என்று ரிப்போர்ட்டரின் பிட்டை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எல்லோருக்கும் என்று திறந்துவிடும் ஏனி மதிப்பும் உண்டு, அதைப் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிட்டைக் கொடுங்கள், ஒரு வரிதான் கூடுதல்.